பரவாயில்லைப் படலம்

வாழி! உப்புக்காற்று உலாவி, கருவாட்டு மணம் கமழ்ந்து, கோயில் மணியோசையும் மீன்காரரின் ஹோர்ன் ஓசையும் கலந்தொலிக்கும் மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலே உதித்த ஒளிவேந்தே, கறுப்புப் பட்டியிலே கமராவைக் கோத்து அகன்ற மார்பிலே கவசமெனத் தரித்தவனே, இமையாக் கண்ணாடி வில்லையால் ஓடும் காலத்தை ஓரிடத்தில் நிறுத்துபவனே, கொலின்ஸ் என்னும் திருநாமம் பூண்ட தீரனே, வாழி! உன் புகழ் பாடப் புகுந்த எமக்கு நாக்கு உலர்கிறது. அதற்கு நீ காரணமில்லை, மன்னார் வெயில்தான்.

செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறிப் பூசி, உச்சியிலே காகங்கள் குடித்தனம் நடத்த, வானளாவி நிற்கும் அலைக்கோபுரத் தாயே, உனக்கும் வணக்கம். இக்கதை முடியும்வரையாவது எமது கைத்தொலைபேசிக்கு நாலு கோடும் குறையாமல் அருள்வாயாக. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து அழையாமலே நுழைந்து, 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று எங்கள் சட்டைப் பைக்குள் குறுஞ்செய்தி எறியும் அயற்கரைக் கோபுரமே, நீ சற்று ஒதுங்கி நில். உன்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

இனி எம் தலைவனின் தீராத் துயர் கேளீர். வெண்பட்டு உடுத்து, கையில் மெழுகுதிரி ஏந்தி, தலையிலே பூமுடி சூடி முதல்நன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளை, நீலவானமும் இறகு முளைத்த சம்மனசுகளும் தீட்டிய திரைச்சீலையின் முன்னே நிறுத்தி, "தம்பி, வாயை மூடிச் சிரி" என்று ஆணையிட்டு, ஆண்டாண்டாக அவன் படம் எடுத்துவந்தான். அப்படங்கள் பள்ளிமுனையின் எல்லா வீட்டுச் சுவரிலும் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்திலே தொங்கின. ஆனால் ஊரார் என்ன செய்தார்கள்? அவனுக்கு 'நன்மைக் கொலின்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கடையிலே அப்படித்தான் கூப்பிட்டார்கள், கடற்கரையிலே அப்படித்தான் கூப்பிட்டார்கள், கலியாணத்துக்கு வேறு கமராக்காரரைக் கூப்பிட்டார்கள். நல்ல பெயர்தானே என்று நீங்கள் சொல்லலாம். உங்களை அப்படி ஒருவர் கூப்பிடவில்லை.

தன்னை ஒரு கலைஞன் என்று யாராவது ஒருவர், அதுவும் படம் தெரிந்த ஒருவர், வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். அதுவே அவன் வேட்கை. அதற்காக அவன் தேர்ந்த பொருள் யாதெனில், கழுதை. ஆம், மன்னார் நகரின் தெருக்களிலே வேந்தரைப்போல் நடந்து, வாகனங்களை வழிமறித்து, வங்கி வாசலிலே வரிசை காத்து, பெருக்கமரத்தடியிலே ஆழ்ந்த யோசனையில் ஆழும் அந்த நீள்செவிக் குலத்தாரை, மழையிலும் புழுதியிலும் பின்தொடர்ந்து, இருமுறை உதைபட்டும் இடுப்பொடியாமல் படமெடுத்தான் கொலின்ஸ். எடுத்தவற்றுள் சிறந்தவற்றைப் பொறுக்கி, தன் பெயரிலே ஓர் இணையத்தளம் கட்டி, 'எங்கள் ஊர்க் கழுதைகள்' என்று முகப்பிலே பொறித்து, ஒவ்வொரு படத்தின் கீழும் யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினான். அந்த வரிகளுக்காக அவன் சோற்றை ஆறவிட்ட நாட்கள் பல.

தளம் கட்டியவர் எல்லாரும் ஏற வேண்டிய போர்க்களம் ஒன்று உண்டு. மன்னார்க் கமராக்காரர்களின் வட்சப் குழு, மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்த கையோடு, அன்ரோனெற் அக்காவின் கூல்பார் என்னும் குளிர்பானக் கடையிலே கூடும். ஒருவருடைய தளத்தைச் சுவரிலிருக்கும் தொலைக்காட்சியிலே விரித்து, மற்றவர்கள் குறைநிறை கூறுவர். அங்கே ஒரு கொடிய விதி இருந்தது. தளத்துக்குரியவர் தன் முன் வைக்கப்பட்ட பலூடாவைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி முடிக்கும்வரை வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லலாகாது. மறிச்சுக்கட்டி ஜெஸீம் தன் ட்ரோன் காட்சிகளை யாரோ குறை சொன்னபோது, பொழுது சாயும்வரை நியாயம் பேசி எல்லாரையும் பட்டினி போட்ட அந்தக் கறுத்த நாளுக்குப் பிறகு வந்த சட்டம் அது. அதை முதலில் ஆதரித்தவர், பலூடா விற்கும் அன்ரோனெற் அக்கா.

கொலின்ஸின் நாள் வந்தது. வெள்ளைச் சட்டை அணிந்து, கோயிலிலே பிரசங்கம் முழுவதும் தளத்தையே நினைத்து, பாவசங்கீர்த்தனத்துக்குரிய அந்தக் குற்றத்தோடு கூல்பாருக்குள் நுழைந்து, மின்விசிறியின் கீழிருந்த கதிரையிலே அமர்ந்தான். இளஞ்சிவப்புப் பலூடா அவன் முன் வைக்கப்பட்டது. மேலே ஐஸ்கிறீம் மிதந்தது, அடியிலே கசகசா உறங்கியது. களம் ஆயத்தமாயிற்று.

முதலில் வில் வளைத்தவன் ஜெஸீம். வான்வழிப் போரிலே வல்லவன், கலியாண வீடுகளின் கூரைக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுத் தென்னோலையில் சிக்கவைத்தவன், கொலின்ஸின் நெருங்கிய நண்பன். நண்பனாகையால் இரக்கமின்றி எய்தான். தளம் திறப்பதற்குள் தான் மறிச்சுக்கட்டிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றான். கழுதையின் நெற்றியிலே தொலைபேசி இலக்கத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டால் ஆட்கள் கழுதைக்கு அழைப்பெடுப்பார்கள் என்றான். இவையெல்லாம் கொலின்ஸின் கவசத்திலே பட்டுத் தெறித்தன. அடுத்து 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தை ஜெஸீம் திறந்தபோதுதான் வீரன் முதன்முறை வியர்த்தான்.

'மன்னார் பள்ளிமுனையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கொலின்ஸ் அவர்கள்' என்று தொடங்கியிருந்தது அப்பக்கம். தன்னைப் பற்றித் தானே எழுதுவதெப்படி என்று தெரியாமல் பல நாள் தவித்து, தெரிந்த ஒரே முறையிலே அவன் எழுதிவைத்தது. மூன்று தலைமுறையாக நம்மவர் செய்தித்தாளின் பின்பக்கத்திலே வாசித்துவரும் முறை அது.

"மச்சான்," என்றான் ஜெஸீம், சிரித்த கண்ணீரைத் துடைத்தபடி. "இதை வாசிச்சிட்டு, அடக்கம் எத்தினை மணிக்கெண்டு கீழ தேடினன்."

கூல்பார் அதிர்ந்தது. பலூடாக் குவளையைப் பற்றிய வீரனின் விரல்கள் வெளுத்தன. சொல்லுதற்கு ஆயிரம் சொல் அவன் நெஞ்சிலே அணிவகுத்து நின்றன. ஆயினும் விதி தடுத்தது. மதங்கொண்ட யானையைச் சிறு சங்கிலியால் கட்டுவதுபோல், தன் நாவை அந்த ஒரு நெகிழிக் குழாயாலே கட்டி, உறிஞ்சினான், உறிஞ்சினான், மேலும் உறிஞ்சினான். ஒரு சேமியா குழாயிலே சிக்கியது.

அடுத்து அன்ரோனெற் அக்கா. மேசை துடைக்கும் சீலையைத் தோளிலே போட்டு, தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, விடிந்தால் எழும்பித் தான் வாசலிலே துரத்துகிற மிருகங்களைத் தம்பி இவ்வளவு செலவழித்து உள்ளே கொண்டுவந்து காட்டுகிறாரே என்று வியந்தார். ஒரு பெட்டைக் கழுதையை அடையாளம் கண்டு, தன் பூச்சாடியைத் தின்றது இதுதான் என்று முறைப்பாடும் வைத்தார். அதையும் பொறுத்தான் தலைவன். ஏனெனில் இவ்விருவரின் தீர்ப்பையும் அவன் தேடி வரவில்லை. அவன் விழிகள் சன்னலோரம் இருந்த ஒருத்தியின் மேலேயே இருந்தன.

அவள் கிறிஸ்ரினா. மண்டபம் அகதி முகாமிலே பிறந்து, அங்கேயே படித்து, வளர்ந்தபின் பெற்றோருடன் கடல் தாண்டித் திரும்பி வந்தவள். தேத்தண்ணியை இன்னும் டீ என்பவள். சேற்றிலே முழங்கால் புதைய நின்று பறவைகளைப் படமெடுப்பவள். அவள் எடுத்த பூநாரைப் படத்தை முதன்முதல் பார்த்த அன்று கொலின்ஸ் தன் கமராவை விற்றுவிட யோசித்தான், பிறகு மனம் மாறினான். குழுவிலே படம் தெரிந்தவர் யார் என்று கேட்டால், அவளைப் பிடிக்காதவர்களும் அவளைத்தான் காட்டுவார்கள். அந்த மாதம் சிறந்த தளத்தைத் தெரிந்து, மற்ற மாவட்டக் குழுக்களுக்கெல்லாம் அனுப்பும் பொறுப்பும் அவளுடையதே.

அவள் தன் தொலைபேசியிலே தளத்தைத் திறந்து, படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பேருந்து நிலையத்தின் கூரையின் கீழே, அடைமழைக்கு ஒதுங்கிய சனங்களோடு சனமாக ஒரு கழுதை நின்று, எல்லாரையும்போலத் தானும் வவுனியா பஸ் வரும் திசையைப் பார்த்திருக்கும் படத்திலே அவள் விரல் நின்றது. நெடுநேரம் நின்றது. மின்விசிறியும் மூச்சடக்கியது என்று நாம் பாட விரும்புகிறோம், ஆனால் அது கடகடத்துக்கொண்டுதான் இருந்தது. கிறிஸ்ரினா தலையைச் சாய்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். திருவாய் மலர்ந்தாள்.

"பரவாயில்லையே, கொலின்ஸ்."

இவ்வளவுதான். அக்கணமே அவளுடைய தொலைபேசி அடித்தது. பெரிய பாலத்தடியிலே பூநாரைக் கூட்டம் இறங்கிவிட்டதாம். பையைத் தூக்கினாள், ஸ்கூட்டியை உதைத்தாள், போய்விட்டாள். வீரனின் குவளையிலே இன்னும் பாதிப் பலூடா இருந்தது.

இங்கே, பெரியோர்களே, கதையைச் சற்று நிறுத்தி ஒரு சொல்லின் இரண்டு கரைகளையும் காட்டுவது எம் கடமை. நீரிணையின் அக்கரையிலே, ஒருவர் புருவத்தை உயர்த்தி, 'பரவாயில்லையே' என்று ஏகாரத்தை இழுத்துச் சொன்னால், அது மாலையும் பொன்னாடையும் சேர்ந்த பாராட்டு. உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை, அசத்திவிட்டாய் என்று பொருள். இக்கரையிலோ, காய்ச்சலில் கிடக்கும் ஆளிடம் எப்படி இருக்குதென்று கேட்டால், முனகிக்கொண்டு அவர் சொல்வதுதான் பரவாயில்லை. ஆள் இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். கிறிஸ்ரினா அக்கரைச் சொல்லை எறிந்தாள். கொலின்ஸ் அதை இக்கரைக் காதாலே ஏந்தினான்.

அவன் முகம் கறுத்தது. மீதிப் பலூடாவை ஒரே மூச்சிலே இழுத்து முடித்து, பேசும் உரிமை பெற்றும், பேசாமல் இருந்தான். நண்பனின் வாட்டம் கண்ட ஜெஸீம் பக்கத்திலே வந்து தோளிலே கைபோட்டான்.

"கவலைப்படாத மச்சான். பரவாயில்லை எண்டாவது சொன்னாள்தானே. என்ர ட்ரோனுக்கு அதுவும் சொல்லேல்ல."

ஆறுதல் என்னும் பெயரால் உலகிலே நடக்கும் கொலைகளுக்குக் கணக்கில்லை. கொலின்ஸ் எழுந்து வீடு போனான்.

வெயில் கொளுத்தும் அப்பிற்பகலிலே, கதவடைத்து, கட்டிலிலே குந்தி, மடிக்கணினி திறந்து, தன் கையாலே தன் கோட்டையை இடிக்கத் தொடங்கினான் எம் தலைவன். அழவில்லை என்று பின்னாளில் சொன்னான். நாம் எல்லாமறிந்த கதைசொல்லியாகையால் சொல்கிறோம், அழுதான். கழுதை ஒவ்வொன்றாக நீங்கியது. நீங்கிய இடம் ஒவ்வொன்றிலும், ஊருக்கு நான் நன்மைக் கொலின்ஸ்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று, ஒரு முதல்நன்மைப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினான். கோயில் பங்குச்சபையாரின் வருடாந்தக் குழுப்படத்தையும் ஒரு பெரிய கட்டத்திலே ஏற்றினான். கண்ணீர் மறைத்த கண்ணோடு படங்களை மட்டும் மாற்றினான். படங்களின் கீழே தான் எழுதிய வரிகளை அவன் தொடவில்லை. முகப்பிலே பொறித்த தலைப்பையும் தொடவில்லை. மடிக்கணினியை மூடிப் படுத்துத் தூங்கினான்.

தூங்கினவன் எழும்பியபோது பின்னேரத் தேத்தண்ணி நேரம். தொலைபேசி, கரையிலே போட்ட கெழுத்திமீன்போல மேசையிலே துள்ளிக்கொண்டிருந்தது. வட்சப்பைத் திறந்தான். பூநாரைகளை முடித்துக்கொண்டு வந்த கிறிஸ்ரினா, சேறு காயுமுன்னே, மன்னார் தொடங்கி மட்டக்களப்பு ஈறாக எல்லாக் குழுக்களுக்கும் பிரகடனம் செய்திருந்தாள்.

"இந்த மாசம் என்னோட தெரிவு கொலின்ஸோட தளம். எங்க குழுவில இதுவரைக்கும் இப்படி ஒண்டு வந்ததில்ல. கழுதைகளை அவசரப்படாம, ஒவ்வொரு முகமாப் பாருங்க."

வீரனின் நெஞ்சு பூரித்தது. கட்டிலை விட்டு எழுந்து நின்றான். இதுவரைக்கும் வந்ததில்லையாம்! ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டுமாம்! இந்த மகிழ்ச்சி ஒரு மிடறு தேத்தண்ணி விழுங்கும் நேரம் நீடித்தது. விழுங்கியபின், மத்தியானம் தான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது.

தளத்தைத் திறந்தான். 'எங்கள் ஊர்க் கழுதைகள்' என்று பெரிய எழுத்திலே முழங்கியது முகப்பு. அதன் கீழே வெண்ணுடை தரித்து, மெழுகுதிரி ஏந்தி, வாயை மூடிச் சிரித்தபடி நின்றார்கள் பள்ளிமுனைப் பங்கின் பிள்ளைச் செல்வங்கள். 'உதைக்காது, கிட்டப் போகலாம்' என்றிருந்தது பூமுடி சூடிய ஒரு சிறுமியின் கீழே. பங்குச்சபையார் வேட்டி சட்டையோடு நெஞ்சு நிமிர்த்தி நின்ற படத்தின் கீழே, 'குப்பைமேட்டிலே காலை உணவு' என்றிருந்தது. முன்வீட்டு யாகப்பரின் மகன் கைகூப்பி நின்ற படத்தின் கீழே, ஒரு குட்டிக்கென அவன் சோறு ஆறவிட்டு எழுதிய அருமையான வரி ஒளிர்ந்தது: 'அப்பனை உரித்துவைத்த பிடிவாதம்.'

மட்டக்களப்பிலிருந்து ஒருவர், மிகத் துணிச்சலான நையாண்டி என்று பாராட்டியிருந்தார். வவுனியாவிலிருந்து ஒருவர், கழுதைகளைக் காணவில்லையே என்று கேட்டிருந்தார். பள்ளிமுனையிலிருந்து ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் நேரே வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் படலை திறந்தது யாகப்பரின் மனைவி மாக்கிறட். சத்தம் போடுவார் என்று கொலின்ஸ் எதிர்பார்த்தான். சத்தத்தைத் தாங்க ஆயத்தமாகவும் நின்றான். மாக்கிறட் அக்கா சத்தம் போடவில்லை. தொலைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, என்ர பிள்ளை கழுதையெண்டால், நான் ஆர்?"

ஒளிவேந்தன், காலத்தைக் கவ்வுபவன், இருமுறை உதைபட்டும் கலங்காதவன், இக்கேள்வியைக் கேட்டு நிலத்தைப் பார்த்தான். நிலத்திலே ஓர் எறும்பு போனது. நடந்ததை முதலிலிருந்து சொன்னான்: கூல்பாரை, பலூடாவை, பரவாயில்லையை, தான் அழுததை. சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. பின்னாலே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த யாகப்பர், ஆறடி உயரமும் அலையை அடக்கும் குரலும் கொண்டவர், அந்த வரிக்குரிய உண்மையான கழுதையை இப்போதே காட்டச் சொன்னார்.

கொலின்ஸ் காட்டினான். நடுறோட்டிலே லொறி ஒன்றை மறித்து, முன்னங்கால் இரண்டையும் அகல ஊன்றி ஒரு தகப்பன் கழுதை. அதன் பக்கத்திலே, அதே நிலையிலே, அதே முறைப்போடு ஒரு குட்டி. யாகப்பர் பார்த்தார். தூரப்பிடித்துப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாரும். நானும் அவனும் நிக்கிறமாதிரித்தான் நிக்குதுகள்."

மாக்கிறட் அக்கா சிரிக்கக்கூடாது என்று மிகவும் முயன்றார். முடியவில்லை. இதை வைத்து எதையும் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம் என்றும், நாளைக்குள்ளே பிள்ளையின் படம் அங்கே இருக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் வந்த தாய்மாருக்கெல்லாம் யாகப்பரே வேலியடியில் நின்று கழுதையைக் காட்டி விளக்கம் கொடுத்தார். பங்குச்சபையாருக்கு மட்டும் கொலின்ஸ் தனியே போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்து கிறிஸ்ரினாவுக்கு அழைப்பெடுத்தான். பரவாயில்லை என்று சொன்னீர்களே என்று கேட்டான். மறுமுனையிலே அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"காம்ப்ல நாங்க யாரையும் அதுக்கு மேல புகழ்ந்ததில்ல, கொலின்ஸ். அந்த பஸ் ஸ்டாண்ட் படத்தை என்னால எடுத்திருக்க முடியாது."

ஆகா! அவ்வுரை செவியிலே வீழ்ந்த கணம் கீழ்த்திசை முழங்க, கடல் கரகோஷம் செய்ய, கலங்கரைகள் கண் விழிக்க, கழுதைக் குலத்தார் யாவரும் தெருத்தோறும் நின்று ஒரே குரலிலே கத்த, நீங்கிய படையெல்லாம் தத்தம் கட்டங்களுக்கு வீறுநடை போட்டு மீள, நன்மைப் பிள்ளைகள் தம் திரைச்சீலைக்குத் திரும்பிப் போக, புகழென்னும் தேரிலேறி எம் தலைவன் மன்னார் தொடங்கி மட்டக்களப்பு ஈறாக உலா வந்தான். கண்டவர் வியந்தனர், கேட்டவர் இணைப்பைப் பகிர்ந்தனர், ஜெஸீம் தன் ட்ரோனைக் கழுதைகளின் மேலே பறக்கவிட்டுப் பார்த்தான். 'நன்மைக் கொலின்ஸ்' என்னும் பழம்பெயர் அன்றோடு மாண்டு, கடலிலே கரைந்து, பள்ளிமுனையின் நாவிலிருந்து முற்றாக அகன்றது. அடுத்த கிழமை ஓர் அம்மா மகளைக் கையில் பிடித்தபடி படலையடியில் வந்து நின்று, "முதல்நன்மைக்குப் படம் எடுக்க வேணும், கழுதைக் கொலின்ஸின்ர வீடு இதுதானே?" என்று கேட்டார்.

கொலின்ஸ், "ஓம், வாங்கோ" என்று சொல்லிக் கதிரையைத் துடைத்துப் போட்டான்.